அழகு அறுவை சிகிச்சை: கத்தியைப் பிடிப்பவர் யார்?

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கோலாலம்பூர், செராசில் உள்ள ஓர் அழகு நிலையத்திற்குள் நடந்து சென்ற 23 வயது இளம்பெண் ஒருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. அவர் எந்த நோய்க்கும் சிகிச்சை பெறப் போகவில்லை. உடலில் சேர்ந்திருந்த கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் 'லைப்போசக்ஷன்' என்ற சிகிச்சைக்காகத்தான் போனார். அந்தச் செய்தி நாளேடுகளில் வந்தபோது பலரும் "இந்தச் சின்ன வயதில் இது தேவையா?" என்று கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. உடலுக்குள் குழாயைச் செலுத்தும் ஓர் அறுவை சிகிச்சை, மருத்துவமனை அல்லாத ஓர் இடத்தில் எப்படி நடந்தது? அங்கே கருவியைக் கையில் பிடித்தவர் யார்?

செராஸ் எங்கோ இருக்கிறது, பேராக்கில் இருக்கும் நமக்கு என்ன என்று இருந்துவிட முடியாது. ஈப்போ புந்தோங்கில் இருப்பவருக்கும், சுங்கை சிப்புட்டில் இருப்பவருக்கும், பாகான் செராயில் இருப்பவருக்கும் கைத்தொலைபேசியில் வரும் விளம்பரம் ஒன்றுதான். "ஒரே நாளில் மெலிந்த உடல்", "வலியில்லா மூக்குச் சீரமைப்பு", "தீபாவளிச் சலுகை" என்றெல்லாம் வருகிற விளம்பரங்களில் விலை பெரிய எழுத்தில் இருக்கும். செய்பவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

அழகுபடுத்திக் கொள்வது தவறு என்று சொல்வது இங்கே நோக்கமல்ல. அது அவரவர் விருப்பம். அந்த விருப்பத்தை யாருடைய கையில் ஒப்படைப்பது என்பதை எப்படித் தீர்மானிப்பது? அதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

டிரெஸர் ஐயா காலமும் இன்றைய காலமும்

ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு மருத்துவம் என்றால் தோட்ட ஆஸ்பத்திரியும் அங்கிருந்த டிரெஸர் ஐயாவும்தான். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார், வெட்டுக் காயத்திற்குக் கட்டுப் போடுவார். தன்னால் முடியாது என்று தெரிந்தால், பத்து காஜாவுக்கோ ஈப்போவுக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். லயன் வீடுகளில் இருந்தவர்கள் அவருடைய முகத்தையும் குணத்தையும் அறிந்தே நம்பினார்கள்.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அந்த டிரெஸரும் வெறும் நம்பிக்கையின் பேரில் வேலை செய்தவரல்லர். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. ஊசி போடுபவரின் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும் என்ற விதி தோட்டப்புறத்திலேயே இருந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். முகம் தெரிந்த டிரெஸர் இருந்த இடத்தில் முகம் தெரியாத நூறு விளம்பரங்கள் வந்துவிட்டன. ஆனால் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் "டாக்டர்" என்று கைகூப்பும் பழக்கம் மட்டும் மாறவில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. முகத்தைப் பார்த்து நம்ப முடியாத காலத்தில், பதிவேட்டைப் பார்த்து நம்பக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சீரமைப்பும் அழகுபடுத்தலும்

பிளாஸ்டிக் சர்ஜரி என்றவுடன் நடிகைகளின் மூக்குதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அந்தத் துறையின் வேர் வேறு. பிறவியிலேயே உதடு பிளந்த குழந்தை, தீக்காயத்தில் கழுத்து ஒட்டிப்போன பெண், விபத்தில் முகம் சிதைந்த இளைஞர், மார்பகப் புற்றுநோயில் மார்பை இழந்தவர் ஆகியோருக்கு உறுப்பையும் உருவத்தையும் மீட்டுக் கொடுப்பதுதான் இதன் முதல் வேலை. இழந்த மூக்கை உடலின் தோலைக் கொண்டே மீண்டும் அமைக்கும் முறை சுசுருதரின் மருத்துவ நூலில் கூறப்பட்டுள்ளது. நெற்றித் தோலைக் கொண்டு புனேயில் செய்யப்பட்ட அத்தகைய சிகிச்சை பற்றிய செய்தி 1794ஆம் ஆண்டு லண்டன் இதழ் ஒன்றில் வெளியானது. அதைக் கண்ட பிறகே ஐரோப்பிய மருத்துவர்கள் இந்த முறையை முயன்று பார்த்தார்கள். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் செய்த சிகிச்சைகளால் இது தனித் துறையாக வளர்ந்தது.

இத்தகைய சீரமைப்புத் தேவைப்படுவோர் விளம்பரங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, பரிந்துரைக் கடிதத்துடன் அரசாங்க மருத்துவமனையின் நிபுணரிடம் செல்லலாம்.

அழகுக்காகச் செய்துகொள்ளும் அறுவை அதே துறையின் இன்னொரு கிளை. நோய் இல்லாத ஒருவரின் உடலில் கத்தி வைப்பதால், இங்கே கவனம் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும். காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாக இதற்குப் பணம் தருவதில்லை. செலவு முழுவதும் கையிலிருந்து போவதால்தான் மலிவு விலை விளம்பரம் கண்ணை ஈர்க்கிறது.

தகுதி பெற்றவர் யார்?

"டாக்டர்" என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் பலவகைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர். இவர் மருத்துவப் பட்டப் படிப்பை முடித்து, பயிற்சி மருத்துவராகப் பணியாற்றி, அதன் பிறகு அறுவை சிகிச்சையிலும் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையிலும் பல ஆண்டுகள் மேற்பயிற்சி பெற்றவர். நம் நாட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கிளந்தான், குபாங் கெரியான் வளாகத்தில் இத்துறைக்கான முதுகலைப் பயிற்சி உண்டு. பள்ளி முடித்த பிள்ளை இந்த நிலைக்கு வர ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆகிவிடும்.

இரண்டாவது, தத்தம் உறுப்புக்கு உரிய மற்ற நிபுணர்கள். தோல் நோய் நிபுணர், காது மூக்கு தொண்டை நிபுணர், கண் நிபுணர் ஆகியோர் தங்கள் பயிற்சிக்கு உட்பட்ட சில சிகிச்சைகளைச் செய்யலாம். மூக்கு அறுவையில் பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை நிபுணர் வயிற்றுக் கொழுப்பில் கை வைப்பது வேறு விஷயம்.

மூன்றாவது, அழகியல் மருத்துவம் செய்யும் பொது மருத்துவர். இவர் பதிவு பெற்ற மருத்துவர்தான், ஆனால் அறுவை சிகிச்சை நிபுணர் அல்லர். சுகாதார அமைச்சு 2013இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, அழகியல் சிகிச்சை செய்ய விரும்பும் பொது மருத்துவர் 'எல்.சி.பி.' எனப்படும் தகுதிச் சான்றுக் கடிதத்தைப் பெற்றிருக்க வேண்டும். மேல்தோல் உரிப்பு, போட்டோக்ஸ் ஊசி, சிலவகை பில்லர் ஊசி, சிலவகை லேசர் போன்றவை மட்டுமே இதில் அடங்கும். கொழுப்பு உறிஞ்சுதல், மார்பக அறுவை, வயிற்றுத் தோல் இறுக்கம் போன்ற அறுவைகள் இந்தக் கடிதத்தில் அடங்காது.

நான்காவது, அழகுக் கலைஞர். முகம் கழுவுவது, முடி திருத்துவது, ஒப்பனை செய்வது ஆகியவற்றில் அவர் திறமைசாலியாக இருக்கலாம். தோலைத் துளைக்கும் எந்த ஊசியும் அவர் கையில் இருக்கக் கூடாது. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய வெளிநாட்டுச் சான்றிதழ்கள் எத்தனை இருந்தாலும் இது மாறாது. சில நாள் பயிற்சியில் தரப்படும் சான்றிதழ் ஒருவரை மருத்துவராக்கிவிடாது.

'காஸ்மெட்டிக் சர்ஜன்', 'அழகியல் நிபுணர்' போன்ற பெயர்கள் காதுக்கு இனிமையாக இருக்கும். அவற்றுக்குப் பின்னால் இந்த நால்வரில் யாரும் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

எப்படிச் சரிபார்ப்பது?

இதற்குப் பணமும் வேண்டாம், பரிந்துரையும் வேண்டாம். கைத்தொலைபேசியும் பத்து நிமிடமும் போதும். வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் இருந்தால் அம்மாவுக்கோ அக்காவுக்கோ செய்து கொடுத்துவிடலாம்.

முதலில், மருத்துவரின் முழுப் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள செல்லப் பெயர் போதாது. தந்தை பெயரோடு பதிவேட்டில் உள்ளபடியே வேண்டும். அந்தப் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையத் தளத்தில் தேடினால், அவர் பதிவு பெற்ற மருத்துவரா என்பது தெரியும். மருத்துவர்கள் ஒவ்வோர் ஆண்டும் தொழில் நடத்தும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். எனவே நடப்பு ஆண்டுக்கான சான்றிதழ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, அவர் எந்தத் துறையில் நிபுணர் என்று பார்க்க வேண்டும். நாட்டில் தேசிய நிபுணத்துவ மருத்துவர் பதிவேடு 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. திருத்தப்பட்ட மருத்துவச் சட்டம் 2017 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்த பிறகு, நிபுணராகத் தொழில் செய்பவர் மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் இடம்பெறுவது கட்டாயமாகிவிட்டது. பெயருக்கு நேராகப் 'பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை' என்ற துறை இருக்கிறதா என்பதே நாம் தேட வேண்டியது. பெயர் இல்லையென்றால், "பதிவு நடந்துகொண்டிருக்கிறது", "வெளிநாட்டில் படித்தேன்" என்ற சமாதானங்களைக் கேட்டுக்கொண்டு மேசையில் படுக்கக் கூடாது.

சிலர் உண்மையான மருத்துவர் ஒருவரின் பெயரைத் தமதென்று சொல்லிக்கொள்வதும் உண்டு. அந்த மருத்துவர் பணிபுரிவதாகக் கூறப்படும் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, "இவர் இங்கே இருக்கிறாரா? இந்த அறுவையைச் செய்ய அவருக்கு அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டால் உண்மை விளங்கிவிடும். மருத்துவமனைகள் தங்கள் மருத்துவர்களுக்கு இன்னின்ன அறுவைகள் என்று தனித்தனியாக அனுமதி வழங்குவது வழக்கம்.

விளம்பரத்தில் 'கே.கே.எல்.ஐ.யு.' என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்பதையும் கவனிக்கலாம். மருத்துவச் சேவை விளம்பரத்திற்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி தேவை. அந்த எண் இருந்தால் விளம்பர வாசகம் அனுமதி பெற்றது என்று பொருள். மருத்துவரின் கைத்திறனுக்கு அது சான்று ஆகாது.

இடமும் முக்கியம், மயக்க மருந்தும் முக்கியம்

நல்ல மருத்துவராக இருந்தாலும், தவறான இடத்தில் அறுவை செய்தால் ஆபத்துதான். 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி ஒவ்வொரு தனியார் கிளினிக்கும் சுகாதார அமைச்சில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தனியார் மருத்துவமனையும் பகல்நேர அறுவை மையமும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் கிளினிக் நடத்தும் தனி நபருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சையையே எடுத்துக்கொள்வோம். முதலில் லிடோகேய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தும், இரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்த உப்பு நீரைத் தோலுக்கு அடியில் நிறையச் செலுத்துவார்கள். அந்த மருந்தின் அளவை நோயாளியின் எடைக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும். அளவு மீறினால் உதடு மரத்துப் போகும், காதில் இரைச்சல் கேட்கும், வலிப்பு வரும், இதயம் நின்று போகும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொழுப்பில் தங்கிய இந்த மருந்து மெல்ல மெல்லத்தான் இரத்தத்தில் கலக்கிறது. அது உச்ச அளவை எட்டப் பல மணி நேரம் ஆகும். சிகிச்சை முடிந்து நோயாளி வீட்டிற்குப் போய்ப் படுத்த பிறகும் ஆபத்து வரக்கூடும்.

கொழுப்புத் துகள் இரத்தக் குழாய்க்குள் புகுந்து நுரையீரலை அடைக்கலாம். குழாய் வயிற்றுச் சுவரைத் துளைத்துக் குடலைக் கிழிக்கலாம். கால் இரத்தக் குழாயில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போகலாம். ஒரே அமர்வில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பதைப் பெரிய அறுவையாகவே உலக அளவில் கருதுகிறார்கள். அதற்கு மருத்துவமனையில் தங்கிக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். எடுத்த கொழுப்பைப் பின்புறத்தில் செலுத்தும் அறுவையில் ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவர் இறக்கக்கூடும் என்று பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைச் சங்கங்கள் 2018இல் எச்சரித்தன. தேர்ந்த நிபுணர்கள் செய்யும் இடத்திலேயே நிலைமை இப்படியென்றால், அழகு நிலையத்தின் பின்னறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

படித்தவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். 2016 மே மாதம் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட 22 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர். அவர் சென்ற நிலையத்திற்கு முடி திருத்தகத்துக்கான உரிமம் மட்டுமே இருந்ததாக விசாரணையில் தெரிய வந்தது. நாளை மருத்துவராக வேண்டியவரே இடத்தைச் சரிபார்க்காமல் போய்விட்டார். 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் 21 வயதில் இறந்தார். பெற்றோருக்குச் சொல்லாமல் சிகிச்சைக்குப் போயிருந்தார் என்று செய்திகள் தெரிவித்தன.

ஆகவே இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவை மூன்று. மயக்க மருந்து கொடுக்கத் தனி நிபுணர் இருப்பாரா, அவர் அறுவை முடியும் வரை அறையிலேயே இருப்பாரா? மூச்சு நின்றால் மீட்பதற்கான கருவிகளும் ஆட்களும் இருக்கிறார்களா? நிலைமை மோசமானால் எந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போவார்கள்? இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

நம் தோலுக்கு வேண்டிய தனிக் கவனம்

விளம்பரப் படங்களில் வெளிர் நிறத் தோலே பெரும்பாலும் காட்டப்படுகிறது. நம் மக்களின் மாநிறத் தோலும் கறுப்புத் தோலும் வேறு விதமாகக் காயத்தை ஆற்றிக்கொள்கின்றன. காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து, காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்வதைக் 'கீலாய்டு' என்பார்கள். இது கறுத்த தோலுடையோருக்கு அதிகம் வருகிறது. காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு உருண்டு திரண்டு நின்றால், அது உடல் முன்கூட்டியே தரும் எச்சரிக்கை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அப்படி இருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கேட்காமலேயே நாள் குறித்துக் கொடுக்கும் மருத்துவர் அவசரக்காரர்.

லேசர் சிகிச்சையிலும் இதே கதைதான். லேசர் ஒளி தோலின் கருநிறமியால் ஈர்க்கப்படுவதால், வெள்ளைத் தோலுக்கான அளவை நம் தோலில் வைத்தால் தீக்காயமும் கரும்புள்ளியும் மிஞ்சும். கருவி நல்லதாக இருந்தால் போதாது, அதை நம் தோலில் கையாண்டு பழகியவர் வேண்டும்.

தோலை வெளுப்பாக்கும் குளுதாதயோன் ஊசிகளும் சந்தையில் உலவுகின்றன. தோலை வெளுப்பாக்குவதற்கென்று எந்த ஊசி மருந்தும் நம் நாட்டில் பதிவு செய்யப்படவில்லை என்று சுகாதார அமைச்சு பலமுறை அறிவித்திருக்கிறது. பாதரசம் கலந்த முகக் களிம்புகள் குறித்தும் அமைச்சு அடிக்கடி எச்சரிக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நீரிழிவு நோய் நம் சமுதாயத்தில் அதிகம் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குக் காயம் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும். இரத்த அழுத்தம், இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, நாட்டு மருந்து, புகைப்பழக்கம் எதையும் மறைக்கக் கூடாது. புகைப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

மருத்துவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. நல்ல நிபுணர் கேள்விகளை வரவேற்பார். இந்த அறுவையை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? என்னென்ன சிக்கல்கள் வந்தன, எப்படிச் சரிசெய்தீர்கள்? என்னைப் போன்ற நிறமுள்ளவர்களின் தழும்பு எப்படி ஆறியது? அறுவையைச் செய்யப் போவது நீங்களா, உதவியாளரா? சிக்கல் வந்தால் இரவில் யாரை அழைப்பது? மறு அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டார் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது இன்னும் நல்லது.

பதில்களைப் போலவே மருத்துவரின் நடத்தையும் பேசும். முதல் சந்திப்பிலேயே முன்பணம் கேட்பவர், "இன்று மட்டும்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துபவர், கேட்காத அறுவையையும் சேர்த்து விற்பவர், "எந்த ஆபத்தும் இல்லை" என்று சத்தியம் செய்பவர் ஆகியோரிடம் எச்சரிக்கை தேவை. ஆபத்தே இல்லாத அறுவை எதுவும் கிடையாது. "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் நிபுணரைத்தான் கூடுதலாக நம்பலாம். டிரெஸர் ஐயா தன்னால் முடியாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் இதே நேர்மையால்தான்.

சில ஐயங்களும் விளக்கங்களும்

திருமணத்திற்கு ஒரு மாதம் இருக்கும்போது மூக்கு அறுவை செய்யலாமா? செய்யாமல் இருப்பதே நல்லது. கண்ணைச் சுற்றிய கன்றல் சில வாரத்தில் மறையும். மூக்கின் உள்வீக்கம் முழுவதும் வடிய ஓராண்டுகூட ஆகலாம். மணமேடைத் தேதியைப் பார்த்து அறுவைத் தேதியைக் குறிக்கக் கூடாது.

கொழுப்பை உறிஞ்சினால் உடல் எடை குறைந்துவிடுமா? ஓரிடத்தின் வடிவம் மாறும். உணவும் உழைப்பும் மாறாவிட்டால் எடை மீண்டும் ஏறும். இது பருமனுக்கான மருத்துவமும் அன்று, நீரிழிவுக்கான மருத்துவமும் அன்று.

பில்லர் ஊசி அறுவை இல்லையே, அதை அழகு நிலையத்தில் போட்டுக்கொண்டால் என்ன? மூக்கிலும் புருவ நடுவிலும் போடும் ஊசி தவறி இரத்தக் குழாய்க்குள் சென்றால், தோல் அழுகலாம், கண் பார்வையே போகலாம். ஹையலூரோனிக் அமில வகைப் பில்லராக இருந்தால் அதைக் கரைக்கும் மாற்று மருந்து உண்டு. அந்த மருந்தும் அதைப் போடத் தெரிந்தவரும் உடனே கிடைக்க வேண்டும். திரவ சிலிக்கோனுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது.

ஹட்யாயிலோ சென்னையிலோ மலிவாகச் செய்கிறார்களாமே? அங்கும் திறமையான நிபுணர்கள் இருக்கிறார்கள். அந்தந்த நாட்டுப் பதிவேட்டில் அவர்கள் பெயரைப் பார்க்க வேண்டும். ஆனால் தையல் பிரிந்தாலோ சீழ் பிடித்தாலோ அறுவை செய்தவர் எல்லைக்கு அப்பால் இருப்பார். அறுவை முடிந்த உடனே நீண்ட நேரம் வேனிலோ விமானத்திலோ உட்கார்ந்து வந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். மறுபரிசோதனைக்கான நாட்களையும் தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மலிவு என்பது எவ்வளவு மிஞ்சும் என்று தெரியும்.

தவறு நேர்ந்துவிட்டால்

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கடுங்காய்ச்சல், பார்வை மங்கல், தோல் நிறம் மாறுதல் ஆகியவை தோன்றினால், நிலையத்தாருக்குப் புலனத்தில் செய்தி அனுப்பிக் காத்திருக்கக் கூடாது. 999 எண்ணை அழைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். எங்கே, என்ன சிகிச்சை செய்துகொண்டோம் என்பதை வெட்கப்பட்டு மறைக்கவும் கூடாது. எந்த மருந்து உடலுக்குள் போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் உயிரைக் காப்பாற்ற முடியும்.

பதிவு பெற்ற மருத்துவர் மீதான புகாரை மலேசிய மருத்துவ மன்றத்திடம் கொடுக்கலாம். பதிவில்லாத இடத்தைப் பற்றியும் போலி மருத்துவரைப் பற்றியும் சுகாதார அமைச்சுக்கோ ஈப்போவில் உள்ள பேராக் மாநிலச் சுகாதாரத் துறைக்கோ தெரிவிக்கலாம். காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம். ரசீது, புகைப்படம், உரையாடல் பதிவு, மருந்துக் குப்பியின் பெயர் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். தனியார் தரப்பின் மீது கவனக்குறைவு வழக்குத் தொடுக்கத் தீபகற்ப மலேசியாவில் பொதுவாக 6 ஆண்டு கால வரம்பு உண்டு.

நீதிமன்றங்களும் நோயாளியின் உரிமையை விரிவாக்கி வந்துள்ளன. சிகிச்சையில் உள்ள முக்கிய ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பில் உறுதிப்படுத்தியது. மருத்துவர் தனி ஒப்பந்தக்காரர் என்று சொல்லித் தனியார் மருத்துவமனை பொறுப்பிலிருந்து ஒதுங்கிவிட முடியாது என்று அதே நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் பெயரும் முகவரியும் இல்லாமல் ஊசி போட்டுவிட்டு மறைந்தவர் மீது வழக்குத் தொடுப்பது எளிதல்ல. பதிவேட்டில் உள்ளவரிடம் செல்வதில் இந்தப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

தோட்டத்தில் வாழ்ந்த நம் தாய்மார்கள் மகளுக்கு வரன் பார்க்கும்போது குலம், கோத்திரம், வேலை, சம்பளம், குடிப்பழக்கம் என்று பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள். நகைக்கடையில் ஒரு கிராம் தங்கம் வாங்கினாலும் முத்திரையைப் பார்ப்பார்கள். மகளோ மகனோ அழகு அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லும்போது, கோபித்துக்கொண்டு வாயை அடைத்தால் அவர்கள் யாருக்கும் சொல்லாமல் போய்விடக்கூடும். உட்கார வைத்து, "மருத்துவர் பெயர் என்ன? வா, பதிவேட்டில் பார்ப்போம்" என்று சொன்னால், அந்தப் பத்து நிமிடம் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.